வீட்டுக்காரம்மாவின் தம்பி

பத்தொன்பது வருஷம் நான் ஒரு பொய்யைத் தவறாமல் சொல்லிவந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை. நகராட்சியிலிருந்து யாராவது வந்து வாசலில் நின்று, நீங்கள் யார் என்று கேட்டால், "வீட்டுக்காரம்மாவோட தம்பி" என்பேன். கேட்டவர் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எனக்குத்தான் அதன் பிறகு அரை மணி நேரம் காது சூடாக இருக்கும்.

அப்படிச் சொல்லச் சொன்னது வீட்டுக்காரம்மாதான். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்த வீடு. தெருவில் எல்லோரும் அதைச் சொல்தா வீடு என்பார்கள். அந்த அம்மாவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்றுதான் சொல்வது. இரண்டு பேரும் பிரான்ஸில் இருந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஓட்டலில் தங்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் குடிவந்த அன்றைக்கே அந்த அம்மா என்னை ஓரமாக அழைத்து, வரிக்காரர்கள் வந்தால் வாடகைக்கு இருப்பதாகச் சொல்ல வேண்டாம், சொந்தக்காரர்கள் சும்மா பார்த்துக்கொள்கிறார்கள் என்று இருந்தால் வரி கம்மி, வாடகைக்கு விட்டதாகத் தெரிந்தால் ஏற்றிவிடுவார்கள் என்றார். எங்கள் தெருவில் மட்டும் இப்படி நான்கு வீடு. நான்கிலும் அக்கா, அண்ணன், சித்தப்பா என்று ஏதாவது ஓர் உறவு இருந்தது. ஒரு வீட்டில் குடியிருந்தவர்கள் வேறு மதம். அங்கேயும் மச்சான் என்றுதான் பதிவாகியிருந்தது.

எனக்குப் பேச்சு வராது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு பெயின்ட் கடையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான். வாடிக்கையாளர் சுவரின் நீள அகலத்தைச் சொன்னால் எத்தனை லிட்டர் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவேன். அதைத் தாண்டிப் பேச வேண்டுமென்றால் கலர் அட்டையை எடுத்து நீட்டிவிடுவேன். அதனால்தான் அந்தப் பொய் எனக்குச் சௌகரியமாக இருந்தது. இரண்டே வார்த்தை. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

வரி கட்டுவதும் என் வேலை. வாடகையில் கழித்துக்கொண்டு, வரிசையில் நின்று கட்டி, ரசீதை ஒரு பழைய பெயின்ட் வாளியில் போட்டு மூடிவைப்பேன். செல்போனில் படம் அனுப்பும் வசதி வந்த பிறகு படம் எடுத்து அனுப்புவேன். "மெர்சி தம்பி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பதில் வரும். ஒரு ரசீதையும் நான் படித்ததில்லை. தொகையைப் பார்ப்பேன், தேதியைப் பார்ப்பேன், அவ்வளவுதான். இன்னொருவர் வீட்டு ரசீதை எதற்குப் படிப்பது?

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா கூப்பிட்டார். அவர் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் இவ்வளவு தூரம் வந்துபோக உடம்பு இடம் கொடுக்காது, வீட்டை விற்றுவிடப்போகிறேன், முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன் என்றார். விலையும் சொன்னார். ஜனவரியில் இரண்டு வாரம் வருவேன், அதற்குள் உண்டு இல்லை என்று சொல்லிவிடு, இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். ஐந்து வயதில் இந்த வீட்டுக்கு வந்த எங்கள் பெண் இங்கிருந்துதான் கல்யாணமாகிக் கடலூர் போனாள். இப்போது வீட்டை விட்டால் எங்கள் சம்பளத்துக்கு ஊருக்கு வெளியே எங்காவதுதான் போக வேண்டும். நகை, என் சேமிப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றையும் கூட்டினால் அந்த விலையை எட்டிப் பிடிக்கலாம். ஆனால் அதற்கு மேல் ஒரு ரூபாய் எதிர்பாராமல் வந்தாலும் எங்களால் முடியாது. அந்தக் கணக்கை அன்றைக்கே இரண்டு பேரும் போட்டுவிட்டோம்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. விலை கம்மியாக இருந்தது. எங்கள் சந்தில் அதைவிடச் சின்ன மனை அதற்கு மேல் போயிருந்தது. பிரான்ஸில் இருக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மறுநாள் கடையில் கணக்கு எழுதும் பாயிடம் மெதுவாகச் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது பெரியவர். பேச்சில் மட்டும் இருபது வயது பெரியவர். கேட்டுவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஊட்டு வரி ரசீத படிச்சியா?"

"நான்தான் பாய் கட்டறேன்."

"கட்டறத கேக்கல. படிச்சியா?"

நான் பெயின்ட் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"பத்தொம்போது வருஷமா ஒரு பேப்பர கையில வச்சிக்கினு படிக்கலன்னா, நீ நிஜமாவே அவங்க தம்பிதான்யா" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் வாளியைத் திறந்தேன். பெயின்ட் வாசனை போயே போகாது. கடைசி ரசீதை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். ஓட்டு வீடு. நானூற்று இருபது சதுர அடி. சொந்தக் குடியிருப்பு.

நாங்கள் குடிவந்தபோதே அது ஓட்டு வீடு இல்லை. முன்பக்கம் ஒரு அறைதான் ஓடு. பின்னால் மூன்று அறையும் மெத்தை, கான்கிரீட் தளம் போட்டது. கடையிலிருந்து டேப் கொண்டுவந்து அளந்தேன். கீழே மட்டும் எண்ணூற்று அறுபது. மாடியில் ஷீட் போட்ட அறை இன்னொரு இருநூறு. ஊரிலுள்ள சுவரையெல்லாம் கணக்குப் போட்டவன், நான் படுத்துத் தூங்கும் வீட்டை அன்றைக்குத்தான் அளந்தேன்.

அந்த மாடி அறையைக் கட்டியது நான். பெண் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, படிக்க ஓர் இடம் வேண்டும், பத்துக்கு இருபதில் ஓர் அறை போட்டுக்கொள்ளலாமா என்று அந்த அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். கட்டிக்கோ தம்பி, செலவு உன்னது என்றார். கட்டினேன். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. எழுத்தில் கேட்பது என்றால் எனக்கு அடுத்தவர் சட்டைப்பையில் கைவிடுவது போல.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் ஓயவில்லை. ஊர் முழுக்க வீடுகளை மறுபடி அளக்கப்போகிறார்கள், வரி ஏறப்போகிறது என்று பேச்சு இருந்தது. அளக்க வந்தால் ஓட்டு வீடு மெத்தை வீடாகும், நானூறு ஆயிரத்துக்கு மேல் ஆகும், சொந்தக் குடியிருப்பு வாடகை வீடாகும். இத்தனை வருஷத்து வித்தியாசத்தையும் கேட்பார்களோ என்னவோ. அதற்கு முன்னால் தம்பி தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பழைய விஷயங்கள் எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. ஒரு தடவை வரும்போது எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தார். அது எதற்கு என்று யோசித்தேன். மாடி அறையைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி இறங்கினார். அது எதற்கு என்று யோசித்தேன்.

அந்த வாரமே படிவம் வந்தது. வீட்டின் அளவு, கட்டடத்தின் வகை, யார் குடியிருக்கிறார்கள் என்று உரிமையாளரே நிரப்பித் தர வேண்டும். ஊரில் இல்லாதவர்கள் கம்ப்யூட்டர் வழியாகவும் அனுப்பலாமாம். நான் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். மெர்சி வரவில்லை. "பாத்துக்கறேன்" என்று மட்டும் வந்தது. அதையும் நான் நாலு தடவை படித்தேன்.

எதிர்வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நாற்காலியை வாசலில் போட்டால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கமாட்டார். அவருக்கு இந்த வீட்டின் மேல் ஒரு கண் உண்டு. தன் மகனுக்கு வாங்க வேண்டுமென்று பல பேரிடம் சொல்லியிருக்கிறார். படிவம் வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மாடியை நிமிர்ந்து பார்ப்பார்.

"உங்க அக்கா ஊட்ட விக்கறாங்களாமே" என்றார் ஒரு நாள். அக்கா என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்.

"தம்பிக்கு விலைக்கா குடுப்பாங்க? சும்மாவே குடுக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று பாய் சொன்னார். இரண்டு தடவை போய்விட்டு அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை வரிசையில் நின்றுவிட்டேன். கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார். நண்பர் ஒருவர் வீடு வாங்குகிறார், அவருக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நண்பருக்கு இன்னா சார் தெரியணும்?" என்றார். அந்த நண்பர் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் பொறுமையாகச் சொன்னார். வரி நான்கு விஷயத்தைப் பொறுத்தது என்று விரலை மடக்கினார். வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, ஓடா மெத்தையா ஷீட்டா, எத்தனை சதுர அடி, சொந்தக்காரர் இருக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா. இதில் ஒன்று மாறினாலும் வரி மாறும். பழைய வீடுகளில் பல வருஷமாக ஒன்றுமே மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், அதனால் இப்போது மொத்தமாக ஏறுவது போலத் தெரிகிறது, ஏறியதில் பாதி புது வரி, பாதி இத்தனை நாள் கட்டாமல் விட்டது என்றார். ரசீதில் தொகை கம்மியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு வாங்குகிறவர்கள்தான் பிறகு இங்கே வந்து சண்டை போடுவார்கள் என்றும் சொன்னார்.

நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டேன். பழைய பாக்கி யாருடையது?

"பாக்கி ஆளோட போகாது சார். ஊட்டோட வரும். வாங்கறதுக்கு முன்னாடி பாக்கி இல்லன்னு சீட்டு வாங்கச் சொல்லுங்க உங்க நண்பர. பத்திரம் முடிஞ்சா வரில பேரு தானா மாறிடும்னு நெனைக்காதீங்க. அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கணும்."

வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பாக்கி வீட்டோடு வரும் என்றால் அது என் தலையில்தான். என் சந்தேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. சந்தேகம் சரியாகும்போது ஒரு திருப்தி வருமென்று சொல்வார்கள். எனக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து அளக்க வந்தார்கள். சனிக்கிழமை காலை, இரண்டு பேர். ஒருவர் கையில் டேப், இன்னொருவர் கையில் காகிதக் கட்டு. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

காகிதக்காரர், நீங்கள் யார் என்று கேட்டார்.

இந்த முறை சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் வாய் பழகிவிட்டது. "வீட்டுக்காரம்மாவோட தம்பி" என்றேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இதுல வாடகைக்கு இருக்கறவர்னு போட்டிருக்கே. பத்தொம்போது வருஷமா. உங்க பேருதான?" என்று என் பெயரைச் சரியாகப் படித்தார்.

என் மனைவி பின்னாலிருந்து, "சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னாரு சார்" என்றாள்.

அவர்கள் உள்ளே அளந்தார்கள். மாடிக்கு ஏறினார்கள். அவர் காகிதத்தில் குறிக்கும்போது நான் எட்டிப் பார்த்தேன். மாடி அறை முன்பே அச்சாகியிருந்தது. ஷீட் கூரை, இருநூறு சதுர அடி. பக்கத்தில் ஒரு வரி: குடியிருப்பவர் கட்டியது.

அவர்கள் போன பிறகு நானும் மனைவியும் சண்டை போட்டோம். எதிர்வீட்டுக்காரர்தான் எழுதிப் போட்டிருக்கிறார் என்றேன். அவருக்கு இருநூறு சதுர அடி என்று எப்படித் தெரியும், நீதான் கடையில் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருப்பாய் என்றாள். நீ கிளினிக்கில் சொல்லியிருப்பாய் என்றேன். பாயைச் சந்தேகப்பட்டேன். கவுண்டர் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். அந்த அளவுக்குப் போய்விட்டது. உண்மையைச் சொன்னது யார் என்று தேடிக்கொண்டிருந்தோம். இத்தனை நாள் பொய் சொன்னது யார் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே பிரான்ஸுக்குக் கூப்பிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் வாடகை, வரி, அந்த மாடி அறை தவிர வேறு எதற்கும் நான் கூப்பிட்டதில்லை. பேச வேண்டியதை ஒரு பெயின்ட் அட்டையின் பின்னால் எழுதிவைத்திருந்தேன். அளக்க வந்ததைச் சொன்னேன். காகிதத்தில் என்ன இருந்தது என்று சொன்னேன்.

"நான்தான் அனுப்பினேன்" என்றார் அந்த அம்மா. ஒரு தயக்கமும் இல்லை. நகராட்சியை அவர் மேரி என்றுதான் சொல்வார், பழைய ஆட்கள் வழக்கம். "என் பேத்தி கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தா. எல்லாம் மேரிக்குப் போயிடுச்சு."

"தம்பின்னு சொல்லச் சொன்னது நீங்கதானக்கா?"

"ஆமா. யாரு குடியிருக்காங்கன்னு அவ கேட்டா. என் தம்பின்னேன். உனக்குத் தம்பியே கெடையாதேன்னா. நான் இன்னா சொல்லுவேன்? இங்க பிரான்ஸ்ல பொறந்த புள்ள, தப்பா எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னா பயப்படுது."

நான் அட்டையைப் பார்த்தேன். அடுத்தது மாடி அறை.

"மேல் ரூம நான் கட்டினதா போட்டிருக்கீங்க."

"நீ கட்டினதுதான?"

"உங்கள கேட்டுட்டுதான கட்டினேன்."

"கேட்டே. நான் சரின்னேன். அதுக்குன்னு அந்தப் படிவத்துல ஒரு எடமும் இல்லையே தம்பி, நான் எங்க எழுதறது?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயமாக இருப்பதே சந்தேகமாக இருந்தது. எனக்கு நல்லது செய்ய எழுதினாரா, நாளைக்கு ஏதாவது வந்தால் என்னைக் கைகாட்ட எழுதினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டையில் கடைசியாக எழுதியிருந்ததை வாசித்தேன். வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தலை நிமிராமல் வாசித்தேன்.

"வெல கம்மியா சொன்னது, பழைய பாக்கி என் தலையில வரும்னுதானா?"

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"நீ பேரம் பேசமாட்டேன்னு தெரியும். பேசாதவன்கிட்ட அதிகமா சொல்லி என்னத்த வாங்கறது, அதான் கம்மியா சொன்னேன்" என்றார். குரல் மாறியிருந்தது. "பத்தொம்போது வருஷத்துல ரெண்டு தடவதான் வாடகைய ஏத்தினேன். நீ தம்பின்னு சொன்ன, நான் ஏத்தல. அது எந்தக் கணக்குல வரும்?"

அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. அந்தப் பொய்யால் அவருக்கு மட்டும்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரி ஏறாததால் வாடகையும் பெரிதாக ஏறவில்லை. வாடகை ஏறாததால்தான் என் பெண்ணின் கல்யாணத்துக்கு நான்கு காசு மிஞ்சியது. இருந்தாலும் வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை என்ற பயம்தான் அன்றைக்கு என்னைப் பேசவைத்தது.

"பழைய வித்தியாசம்னு எவ்ளோ வந்தாலும் அத நீங்க கட்டிட்டுப் பாக்கி இல்லன்னு சீட்டு குடுத்தாதான்க்கா நான் வாங்குவேன்" என்றேன். இவ்வளவு நீளமான வாக்கியத்தை நான் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. சமையலறையில் என் மனைவி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரூம் உன்னுது. அதுக்கு உண்டானத நீ கட்டு. கீழ இருக்கறது என்னுது, நான் கட்டறேன்" என்றார். "இதுக்கு மேல கேக்காத."

சரி என்றேன். போனை வைத்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷீட் கூரை, இருநூறு சதுர அடி, ஒன்பது வருஷம். மொத்தத்தில் அது சின்னப் பங்கு. பெரிய பங்கை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் எடுத்துக்கொண்டார் என்று அதையும் சந்தேகப்பட்டேன். மனைவி, "பேசாம படு. கெடச்சதுக்கும் காரணம் தேடுவியா?" என்றாள்.

ஜனவரியில் அவர் வந்தார். நடை தளர்ந்திருந்தது. பேத்தியும் கூட வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். என்னைக் கூர்ந்து பார்த்தாள். இல்லாத தம்பி எப்படி இருப்பான் என்று பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. நகராட்சி கேட்ட வித்தியாசத் தொகையைக் கட்டினோம், அவர் பங்கை அவர், என் பங்கைக் கடையில் முன்பணம் வாங்கி நான். பாக்கி இல்லையென்ற சீட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தேன். பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாக இரண்டு தடவை படித்தேன். பத்திரம் எழுதுகிறவருக்குப் பொறுமை போய்விட்டது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

பதிவு அலுவலகத்தில் ஒருவர் என்னைக் காட்டி, இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த அம்மாவைக் கேட்டார்.

"குடியிருக்கறவர்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைத்தான் சொன்னார். நானும் அதைத்தான் எழுத்தில் வேண்டுமென்று இருந்தேன். ஆனாலும் ஒரு நிமிஷம் அவர் அக்காவாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச்சு வராது, அவருக்கு என்ன என்று தெரியவில்லை.

அடுத்த வாரமே நகராட்சிக்குப் போய், வரியில் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்தேன். அதே கவுண்டர், அதே அம்மா. "உங்க நண்பர் வாங்கிட்டாரா?" என்று கேட்டார். வாங்கிவிட்டார் என்றேன். இருவரும் அதற்கு மேல் போகவில்லை.

என் பெயரில் முதல் ரசீது வந்தபோது அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். கீழே மொத்தம் எண்ணூற்று அறுபது. முன் அறை ஓடு, பின்னால் மெத்தை என்று தனித்தனியாக இருந்தது, கூட்டிச் சரிபார்த்தேன். மேலே ஷீட், இருநூறு. தொகை பழையதைப் போல மூன்று மடங்குக்கு மேல். கடைசியில் சொந்தக் குடியிருப்பு. பழைய ரசீதுகளில் இருந்த அதே சொல். இப்போது அது உண்மை. ஆனால் படிக்கும்போது காது சூடாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் எவ்வளவு வந்தது என்று கேட்டார். எல்லோருக்கும் வந்த மாதிரிதான் என்றேன். அவர் தன் ரசீதைக் காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

கடன் தவணையும் வரியும் சேர்ந்து மாதக் கடைசியில் மூச்சு முட்டுகிறது. மாடி அறை காலியாகக் கிடக்கிறது. என் மனைவி வேலை பார்க்கும் கிளினிக்கில் புதிதாக ஒரு நர்ஸ் பெண் சேர்ந்திருக்கிறாள், செஞ்சிப் பக்கம் ஊர். அவளுக்கு விடலாம் என்றாள் மனைவி. நல்ல பெண், சத்தம் இருக்காது, வாடகை ஒழுங்காக வரும். எல்லாம் சொல்லிவிட்டு, பாத்திரத்தைத் துடைத்தபடியே சொன்னாள்:

"யாராவது வந்து கேட்டா, அக்கா பொண்ணுன்னு சொல்லிக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு நாள் யோசித்தேன். வாடகைக்கு விட்டதாக எழுதிக் கொடுத்தால் அந்த அறைக்கு வரி ஏறும். எழுதாவிட்டால் மிச்சம். எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண்ணிடம் ஒரு காகிதம் இருக்கும், நாளைக்குப் போகமாட்டேன் என்று நின்றால் என்ன செய்வது? அந்தச் சாதுவான பெண்ணைப் பற்றி நான் அப்படி நினைத்தேன். பிரான்ஸில் இருந்த அந்த அம்மா பத்தொன்பது வருஷம் என்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று படிவத்தை வாங்கிவந்து நிரப்பினேன். மாடி அறை, இருநூறு சதுர அடி, வாடகை. அந்தப் பெண்ணின் பெயரை அவளிடமே கேட்டு, அவள் சொன்னபடி எழுதினேன். நேர்மைக்காக எழுதினேன் என்று சொல்லமாட்டேன். வாடகையா சொந்தமா என்ற கட்டத்தில் எழுதாமல் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் அந்தப் பெண் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.